வழக்கு இருந்தால் கதவைச் சாத்துவதா, கேட்டுப் பார்ப்பதா?

ஏற்காட்டில் மாலை வகுப்பு எடுக்க விண்ணப்பித்தவரின் போலீஸ் சரிபார்ப்பில் ஒரு வழக்கு வந்திருக்கிறது என்று வையுங்கள். ‘வழக்கா, வேண்டாம்’ என்று முடித்துவிடுவது சுலபம். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் தண்டனை பெற்றவர் என்றால் நானும் அப்படித்தான். பிள்ளைகள் பக்கம் விடவே மாட்டேன்.

ஆனால் எஃப்ஐஆர் என்பது தண்டனை அல்ல. சேலம் கலெக்டர் ஆபீஸ் முன்னால் மறியலில் உட்கார்ந்தவர் பேரிலும் அது இருக்கும். அதனால் கேட்டுப் பார்ப்பதே எனக்குச் சரி: என்ன பிரிவு, எந்த வருடம், விடுதலையா? தீர்ப்பு நகலைக் கொண்டுவரச் சொல்லலாம். 18 வயதுக்குள் நடந்தது என்றால், 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி பெரும்பாலும் அது தகுதிக்குறைவாக ஒட்டாது.

இதற்கு நேரம் பிடிக்கும், சரி. அப்புறம் அந்தக் காகிதம் டீ கிளாசுக்கு அடியில் கிடக்கக் கூடாது. பூட்டிய பீரோவுக்குள் போகட்டும்.