16 டெராபைட் டிஸ்க்குக்குள் 64 ஜிபி கார்டு

போர்ட்டபிள் எஸ்எஸ்டி, அதாவது கம்ப்யூட்டரில் செருகிக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கையடக்க டிஸ்க் ஒன்றை வாங்கி ஏமாந்த கதை இது. உள்ளங்கைக்குள் அடங்கும் சைஸ், 16 டெராபைட் (ஒரு டெராபைட் என்றால் ஆயிரம் ஜிபி) என்று போட்டிருந்தார்கள். நல்ல கம்பெனியின் 2 டெராபைட் டிஸ்க் விற்கும் விலையில் கால்வாசிதான். சந்தேகம் வரத்தான் செய்தது. ஆயிரத்துச் சொச்சம் ரிவ்யூ, சராசரி 4.6 நட்சத்திரம் என்று பார்த்ததும் அந்தச் சந்தேகத்தை நானே அமுக்கிவிட்டேன்.

வந்ததும் கம்ப்யூட்டரில் செருகினேன். 16 டெராபைட் என்றே காட்டியது. ஒரு படத்தை ஏற்றித் திறந்தேன், திறந்தது. சரி, நல்ல பொருள்தான் என்று அன்றைக்கே நானும் ஐந்து நட்சத்திரம் போட்டேன். இன்றுவரை எனக்கு ஆறாத இடம் அதுதான்.

அப்புறம் லேப்டாப்பில் இருந்த போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். காப்பி எடுக்கவில்லை, இடம் காலியாகட்டும் என்று கட் பண்ணிப் போட்டேன். நாற்பது நாள் கழித்து அக்கா, தன் மகள் முதன்முதலில் நடந்த வீடியோவைக் கேட்டாள். கோப்பின் பெயர் இருக்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது, ஆனால் ஓடவில்லை. போட்டோக்களில் சிலவற்றில் மேலே முகம் தெரிகிறது, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். பெரும்பாலானவை திறக்கவே இல்லை.

ஸ்க்ரூட்ரைவரால் மூடியை நெம்பினேன். உள்ளே சின்ன சர்க்யூட் போர்டு, அதில் செருகியிருந்தது 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு. கனம் தெரியட்டும் என்று ஓர் இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்!

டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் மென்பொருளைத் திருத்தி, இல்லாத இடத்தை இருப்பதாகச் சொல்ல வைக்கிறார்கள். கம்ப்யூட்டரும் நம்பி எழுதிக்கொண்டே போகும். உண்மையான இடம் நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்கு. அதற்கு மேல் எழுதுவது கடலில் கரைத்த பெருங்காயம். சில டிஸ்க்குகளில் பழைய கோப்பின் மேலேயே புதியது ஏறிவிடும். எர்ரர் என்று ஒரு வார்த்தை வராது.

திரும்பப் போய் ரிவ்யூக்களை நிதானமாகப் படித்தேன். பாதி போன் கவரைப் பற்றியவை: ‘கலர் அருமை’, ‘என் மாடலுக்குக் கச்சிதம்’. பழைய பொருளின் பக்கத்தில் பெயரையும் படத்தையும் மாற்றி, சேர்ந்த நட்சத்திரங்களைப் புதுச் சரக்குக்கு வைத்துக்கொள்ளும் வேலை. மீதியில் காசுக்கு எழுதியவை எத்தனையோ, பல என்னை மாதிரி ஆட்கள் முதல் நாளே மனசார எழுதியவையாகத்தான் தெரிந்தன. ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் ஒன்றிரண்டு மாதம் கழித்து வந்திருந்தார்கள். அந்தப் பக்கமே நான் போகவில்லை.

வாங்கிய டிஸ்க்கைக் காலியாக இருக்கும்போதே, ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு இடத்தையும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். ஆனால் நொடிக்கு 30 எம்பி வேகத்தில் 16 டெராபைட்டை நிரப்பவே 6 நாள் ஆகும். விண்டோஸ் என்றால் வாலிடிரைவ் என்ற மென்பொருள் அங்கங்கே தொட்டுப் பார்த்துச் சீக்கிரம் சொல்லிவிடும். மேக், லினக்ஸுக்கு எஃப்3 இருக்கிறது.

பட்டது போதாதென்று, கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுபொறியில் தேடினேன். முதலில் வந்த நம்பரில் பேசியவர் ரொம்பக் கனிவு. ரீஃபண்ட் படிவம் நிரப்பத் திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். ‘இப்போ பேங்க் ஆப்பைத் திறங்க சார்’ என்றபோதுதான் இது மோசடி நம்பர் என்று உறைத்தது. போனையே அணைத்துவிட்டேன்.

என் ரிவ்யூவை ஒரு நட்சத்திரமாக்கி, பிரித்த டிஸ்க்கின் படத்தையும் போட்டேன். மூன்றாம் நாள் விற்றவரிடமிருந்து மெயில்: அதை நீக்கினால் முழுப் பணமும் தருகிறோம், கூடவே ஒரு பரிசும். நீக்கவில்லை. அடுத்த வாரம் அந்தப் பக்கமே காணோம். இப்போது வேறு பெயரில் அதே படத்தோடு விற்கிறார்கள், 4.7 நட்சத்திரம்.