வியர்க்கும் கைகளுக்கு எந்த ரீல்?

வீட்டில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த டேங்க் வாங்கலாம் என்றுதான். டேங்க் என்பது வெளிச்சம் புகாத ஒரு பாத்திரம். ஒழுகாமல் இருந்தால் அதன் மேல் எனக்கு வேறு கோரிக்கை இல்லை. இருட்டில், கண்ணின் துணை இல்லாமல், ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளும் பிலிமை வைத்துக்கொண்டு நாம் மல்லுக்கு நிற்பது ரீலோடு. பிலிமின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி தாங்கி டேங்குக்குள் நிற்கும் சுருள்சட்டம்தான் ரீல். அதனால் இங்கே டேங்குக்குக் கொஞ்சமும் ரீலுக்கு நிறையவும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கை வியர்க்கும். சேஞ்சிங் பேக்குக்குள், அதாவது பிலிமை இருட்டில் கையாள உதவும் வெளிச்சம் புகாத பைக்குள், கையை நுழைத்த சற்று நேரத்தில் உள்ளே காற்று புழுங்கி, விரல்கள் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். காய்ந்த கைக்காரர்கள் எழுதும் மதிப்புரைகள் எனக்குப் பயன்பட்டதே இல்லை. என் விருப்பு வெறுப்புகளை அந்தக் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

முதலில் பேட்டர்சன் சூப்பர் சிஸ்டம் 4. பலருக்கும் இதுதான் முதல் டேங்க். இதன் பிளாஸ்டிக் ரீல் இரண்டு பாதிகளாகப் பிரியும். அகலத்தை மாற்றிப் பூட்டினால் 35 மி.மீ., 127, 120 என மூன்று அளவுக்கும் பொருந்தும். பிலிமை வெளி விளிம்பில் நுழைத்து, இரு பாதிகளையும் முன்னும் பின்னுமாகத் திருக வேண்டும். நுழைவாயிலில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறு எஃகுக் குண்டுகள் பிலிமின் ஓரத்தை மாற்றி மாற்றிப் பிடித்து உள்ளே தள்ளும். காய்ந்த ரீல், காய்ந்த பிலிம், காய்ந்த கை என மூன்றும் அமைந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஈரம் பட்டால் கதை வேறு. பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒட்டும் தன்மைக்கு வந்துவிடும். பாதி தூரம் ஒழுங்காகப் போகும் பிலிம், சுற்று இறுகும் உட்பகுதியில் சண்டித்தனம் செய்யும். அங்கே பலத்தைக் காட்டினால் பிலிம் தடத்தை விட்டு எகிறி அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்துக்குப் படத்தை வெளிக்கொணரும் டெவலப்பரும் போகாது, அதை நிலைநிறுத்தும் பிக்சரும் போகாது. நெகட்டிவில் பால் போன்ற திட்டு விழும். இன்னொரு பிலிமுக்கு உடனே அதே ரீல் வேண்டுமென்றால், தடங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு துளி நீர்கூட இல்லாதபடி உலர்த்தியாக வேண்டும். இரண்டு ரீல் வைத்திருப்பதே நிம்மதி.

பழைய ரீல் காரணமின்றி முரண்டு பிடிக்கிறது என்பார்கள். காரணம் பெரும்பாலும் வெட்டிங் ஏஜெண்ட், அதாவது பிலிம் நீர்த்திட்டு இல்லாமல் காயக் கடைசியில் தோய்க்கும் திரவம். கடைசிக் குளியலை ரீலோடு சேர்த்துக் கொடுத்தால் அதன் படிவு தடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து பிசுக்காகிவிடும். நான் பிலிமை ரீலிலிருந்து கழற்றி, தனிக் கிண்ணத்தில் அதைத் தோய்த்தெடுக்கிறேன். ஏற்கெனவே பிசுக்கேறிய ரீலை வெந்நீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் பெரும்பாலும் வழிக்குக் கொண்டுவந்துவிடும்.

35 மி.மீ. பிலிமுக்கு ஒரு சலுகை உண்டு. படமெடுத்த பிலிமைத் திருப்பிச் சுற்றும்போது, கசெட்டுக்குள் முழுவதும் போகவிடாமல் லீடரை, அதாவது பிலிமின் தொடக்க முனையை, வெளியே நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே போய்விட்டால் அதை வெளியே இழுக்கவும் ஒரு சிறு கருவி இருக்கிறது. லீடரின் நாக்கை வெட்டி நேராக்கி, இரு மூலைகளையும் லேசாக உருட்டி வெட்டிவிட்டு, வெளிச்சத்திலேயே குண்டுகளைத் தாண்டி நுழைத்துவிடலாம். அந்தப் பகுதி ஏற்கெனவே வெளிச்சம் கண்டதுதான். அதன் பிறகு எல்லாவற்றையும் பைக்குள் வைத்து மீதியைச் சுற்ற வேண்டியதுதான். கத்தரி, டேங்க், மூடி, நடுத்தண்டு எல்லாம் பைக்குள் இருக்கின்றனவா என்று ஜிப்பை மூடும் முன் வாய்விட்டு எண்ணுவது என் வழக்கம். குறிப்பாக நடுத்தண்டு. அது ரீலைத் தாங்குவதற்கு மட்டுமானதல்ல. அது இல்லாவிட்டால் புனல் மூடியின் வழியே வெளிச்சம் நேராக உள்ளே இறங்கிவிடும்.

டேங்கைப் பொறுத்தவரை பேட்டர்சனில் எனக்குப் பிடித்தது அதன் அகன்ற வாய். திரவத்தைச் சில நொடிகளில் ஊற்றிவிடலாம், கொட்டிவிடலாம். டெவலப் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால், மெதுவாக ஊற்றுவதே சீரற்ற நெகட்டிவுக்குக் காரணமாகிவிடும். பிடிக்காதது, அது குடிக்கும் அளவு: ஒரு 35 மி.மீ. சுருளுக்கு 290 மி.லி., ஒரு 120 சுருளுக்கு 500. இரண்டு ரீல் டேங்கில் ஒரே பிலிமைக் கழுவும்போது மேலே காலி ரீல் ஒன்றையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் குலுக்கலில் பிலிம் உள்ள ரீல் தண்டில் மேலே ஏறி, திரவத்துக்கு வெளியே நிற்கக்கூடும்.

ஜோபோ 1510 டேங்க் இதைவிடச் சிக்கனம். கவிழ்த்து நிமிர்த்தினால் 250 மி.லி., படுக்கவைத்து உருட்டினால் 140 போதும். ஆனால் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ரோடினால் என்ற டெவலப்பரை 1+50 விகிதத்தில் (ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர்) கரைத்தால் 250 மி.லி.யில் மூல டெவலப்பர் 5 மி.லி.கூட முழுதாக இராது. உருட்டும் அளவில் 3 மி.லி.க்கும் கீழே போய்விடும். ஒரு முழுச் சுருளுக்கு அது போதுமா என்பதைத் தண்ணீரைக் குறைக்கும் முன்பே யோசிக்க வேண்டும். ஜோபோ ரீலில் எஃகுக் குண்டுகள் இல்லை. அவற்றின் வேலையை விளிம்புப் பள்ளங்களில் அழுத்தும் நம் கட்டைவிரல்கள் செய்ய வேண்டும். அதனால் என் கைக்கு அது சரிப்படவில்லை. குறை என் வியர்வையுடையது.

இனி எஃகு. இங்கிலாந்தில் செய்யப்படும் ஹியூஸ் ரீலைத்தான் 35 மி.மீ. பிலிமுக்கு இப்போது பயன்படுத்துகிறேன். பிளாஸ்டிக்கில் வெளியிலிருந்து உள்ளே தள்ளினோம். இதில் நடுவிலிருந்து வெளியே சுற்ற வேண்டும். மையத்தில் இரண்டு சிறு கொம்புகள் இருக்கின்றன. பிலிம் முனையின் ஓரத் துளைகளை அவற்றில் மாட்டிவிட்டால், பிலிம் கோணலாக அமர வாய்ப்பு மிகக் குறைவு. பெயரில்லாத ரீல்களில் இந்த இடத்தில் ஒரு கம்பிக் கிளிப்தான் இருக்கும். முனை ஒரு மயிரிழை சாய்ந்தாலும் மூன்றாம் சுற்றில் தடம் தவறும்.

மாட்டிய பிறகு பிலிமைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே லேசாகக் குழித்துப் பிடிக்க வேண்டும். ரீலின் கம்பிகளுக்குள் நுழையும் அளவுக்கு மட்டும் அகலம் குறைந்தால் போதும். அதற்குமேல் அழுத்தினால் பிறைவடிவ மடிப்பு விழுந்து அப்படியே அச்சிலும் தெரியும். ரீலை மேசைமேல் நிறுத்தி உருட்டினால், பிலிமைத் தானே இழுத்துக்கொள்ளும். சில சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, பிலிமைச் சற்றே உள்ளே தள்ளிப் பார்ப்பேன். அரை விரற்கடை அளவு தாராளமாக அசைந்தால் எல்லாம் சரி. அசையாமல் இறுகியிருந்தாலோ, நொறுங்குவது போல் ஓர் ஒலி எழுந்தாலோ, இரண்டு சுற்று பின்வாங்கி மறுபடி சுற்ற வேண்டும். கண் செய்ய வேண்டிய வேலையைக் காதும் விரல்நுனியும் பார்த்துக்கொள்கின்றன.

இத்தனைக்கும் என் பிசுபிசுத்த விரல்கள் இதற்குத் தடையே இல்லை. பிலிம் இங்கே தடத்தில் நீள நெடுக உராய்ந்துகொண்டு போவதில்லை. அந்தந்தச் சுற்று அந்தந்த இடத்தில் போய் அமர்கிறது. ரீலைக் கழுவித் துணியால் துடைத்துவிட்டு அடுத்த பிலிமை எடுத்துவிடலாம். வெளிச்சத்தில் வீணான பிலிம் ஒன்றை வைத்துப் பழகி, பிறகு கண்ணை மூடிப் பழகியபின் இருட்டுக்குப் போனால் போதும்.

120 பிலிமுக்கு மட்டும் நான் பிளாஸ்டிக்கின் பக்கம். அகலமான, துவளும் பிலிமைக் குழித்துப் பிடிப்பதில்தான் பிறைகள் விழுகின்றன. ஏபி நிறுவனத்தின் ரீலில் நுழைவாயிலின் இருபுறமும் அகன்ற தட்டையான இதழ்கள் நீண்டிருக்கும். பிலிமை அவற்றின் மேல் வைத்து முன்னே நகர்த்தினால் தடம் தானாகவே கிடைக்கும். தடவித் தேட வேண்டியதில்லை. வேறு பெயர்களிலும் இதே வார்ப்பு விற்கப்படுகிறது. இதழ்களைப் பார்த்து வாங்குங்கள். 120 பிலிம் குட்டை, சுமார் 80 செ.மீ.தான். வியர்வை முந்துவதற்குள் முடிந்துவிடும்.

எஃகு டேங்க் பழையதாகக் கிடைத்தால் வாங்கலாம். வெந்நீரில் வைத்தால் உள்ளிருக்கும் டெவலப்பர் விரைவாகச் சூடேறும், பிளாஸ்டிக் மந்தம். ஊற்றும்போது சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். காற்று வெளியேற வழி கிடைக்காவிட்டால் திரவம் தேங்கித் தேங்கித்தான் இறங்கும். ரீலைப் பக்கவாட்டில் பிடித்துக் கம்பிகள் இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை கீழே விழுந்து வளைந்த ரீலை நிமிர்த்த முயல்வது வீண்வேலை. மூடியும் டேங்கும் ஒரே தயாரிப்பாளருடையவையாக ஜோடியாகவே வாங்குங்கள். பார்வைக்கு ஒரே அளவாகத் தெரியும் மூடிகள்கூட மாற்றிப் போட்டால் ஒழுகும். கடையிலேயே தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துப் பார்க்கக் கேளுங்கள்.