ஏழாம் பக்கம்: பதின்வயதினருக்காக ஓர் உள்ளூர்ப் பத்திரிகையை வடிவமைத்த எட்டு வருடம்

கோவில்பட்டியிலிருந்து மாதம் இருமுறை வரும் ஓர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு நான் பக்கம் போடுகிறேன். டேப்ளாய்டு அளவு, எட்டுப் பக்கம். அதில் ஏழாம் பக்கம் மட்டும் ஏழாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. 2017 ஜூனில் தொடங்கினோம். பயன்படுத்திய மென்பொருள், எழுத்துரு, விளம்பரம் போடும் முறை எல்லாவற்றிலும் எது நிலைத்தது, எதைக் கைவிட்டேன் என்று இப்போது எழுதினால், வேறு ஊரில் இப்படி ஒரு பக்கம் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதல் ஆறு இதழ்கள் முழுத் தோல்வி. தலைப்புகளைச் சாய்த்துப் போட்டேன். ஊதா, ஆரஞ்சு என்று பின்னணி நிறங்களைக் கொட்டினேன். ‘செம’, ‘மாஸ்’ என்று தலைப்பில் எழுதினால் பிள்ளைகள் ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் இதழைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவி ஏழாம் பக்கத்தைப் பார்த்தாள், திருப்பினாள், நான்காம் பக்கத்தில் இருந்த மின்தடை அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தாள். “இந்தப் பக்கம் பிடிக்கலையாம்மா?” என்றேன். “இது அஞ்சாப்புப் பிள்ளைகளுக்கு இல்லையா சார்?” என்றாள். அவளுக்கு வேண்டியது சனிக்கிழமை கரண்ட் இருக்குமா, எத்தனை மணிக்குப் போகும் என்பது. திங்கட்கிழமை தேர்வு.

அதன்பிறகு பள்ளி திறந்திருக்கும் ஒவ்வொரு ஜூனிலும் ஒரு சோதனை செய்கிறேன். இரண்டு வகுப்புகளுக்கு முழு இதழையும் ஆளுக்கொரு பென்சிலையும் கொடுப்பேன். படித்ததை வட்டமிடு, பாதியில் விட்ட இடத்தில் ஒரு கோடு போடு, அவ்வளவுதான். கேள்வித்தாள் கொடுத்தால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். பென்சில் அப்படிச் சொல்லாது. இந்த எட்டு வருடத்தில் நான் கற்றதில் பெரும்பகுதி அந்த வட்டங்களிலிருந்து வந்தது.

மென்பொருள் ஸ்கிரைபஸ். இலவசம் என்பதால்தான் முதலில் எடுத்தோம். அதற்கு முன்பு பேஜ்மேக்கரும் ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய எழுத்துருக்களும்தான். ஸ்கிரைபஸின் பழைய பதிப்புகளில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். 2017-இல் வந்த 1.5.3 பதிப்பில்தான் தமிழ் போன்ற எழுத்துமுறைகள் ஒழுங்காகச் சேர்ந்து நின்றன. எங்கள் பக்கம் அதே வருடம் தொடங்கியது என் அதிர்ஷ்டம். 2024 ஜனவரியில் 1.6 வந்ததும் அதற்கு மாறினேன், பழைய கோப்புகள் சிக்கலின்றித் திறந்தன.

ஒருங்குறிக்கு மாறியதன் முழுப் பயனும் ஏழாம் பக்கத்தில்தான் தெரிந்தது. பிள்ளைகள் எழுதி அனுப்புவது எல்லாமே வாட்ஸ்அப்பில் வருகிறது. முன்பு அதை எழுத்துரு மாற்றியில் போட்டு, கெட்டுப்போன எழுத்துகளைத் தேடித் திருத்தவே ஒரு மாலை போய்விடும். இப்போது அப்படியே ஒட்டுகிறேன், மிச்சமாகும் நேரத்தில் அவர்களைக் கூப்பிட்டு “இந்த வரியில நீ என்ன சொல்ல வந்த?” என்று கேட்க முடிகிறது. குறை என்றால், புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. இன்டிசைன் கோப்பும் நேரடியாகத் திறக்காது. வெளி ஆட்களிடமிருந்து விளம்பரம் வாங்கும்போது பிடிஎஃப் ஆகவே கேட்டு வாங்கிவிடுங்கள்.

எழுத்துருவில் ரொம்ப அலைந்தேன். கட்டுரைகளின் எழுத்துக்கு முக்த மலர், 10 பாயிண்ட், வரிக்கு வரி 14. தமிழில் மேலே கொக்கியும் கீழே சுழியும் வருவதால் ஆங்கிலப் பக்கத்தின் வரி இடைவெளி நமக்குப் போதாது. தலைப்புக்குக் கேட்டமரன் (Catamaran). ஒன்பது தடிமன்களில் கிடைப்பதால் ஒரே குடும்பத்துக்குள் எல்லாத் தலைப்பையும் முடித்துவிடலாம். பலூ தம்பி உருண்டையாக, சிரித்த முகத்தோடு இருக்கும். அதை நகைச்சுவைத் துணுக்குக்கு மட்டும் வைத்திருக்கிறேன். எல்லாமே திறந்த உரிமத்தில் கிடைப்பவை, அச்சுக்குப் பயன்படுத்த யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பத்திகளை இருபுறமும் நேராக இழுத்துக் கட்டுவதை 2019-இல் நிறுத்தினேன். குறுகிய பத்தியில் ‘விண்ணப்பித்திருந்தவர்களுக்கும்’ போன்ற ஒரு சொல் வந்தால் முன் வரியில் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு லாரி போகும் அளவுக்கு இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் நேராக, வலப்பக்கம் தளர்வாக விட்டபிறகு, அந்த ஜூன் சோதனையில் ‘பாதியில் விட்ட’ கோடுகள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன.

நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது வலியோடு கற்றது. 2018 கோடை விடுமுறைக்கு முந்தைய இதழில், வீட்டிலேயே டியூஷன் நடத்தும் ஓர் அம்மா முதல்முறையாகக் கால் பக்க விளம்பரம் கொடுத்தார். அடர்நீலப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து, அச்சகத்தில் ‘ரிவர்ஸ்’ என்பார்களே, அது. திரையில் அழகாக இருந்தது. நியூஸ்பிரிண்ட் என்ற செய்தித்தாள் காகிதத்தில் நான்கு மைகளும் இம்மியளவு விலகி விழுந்து, ஊறிப் பரவி, ‘ல்’லின் புள்ளியை விழுங்கிவிட்டன. ‘கல்வி மையம்’ என்பது ‘கலவி மையம்’ ஆகிவிட்டது. அன்று மாலைக்குள் பள்ளிப் பையன்களின் வாட்ஸ்அப் குழுக்கள் அத்தனையிலும் அந்தப் படம். நானும் இதழாசிரியரும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம், பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். “பிள்ளைக முகத்த எப்படிப்பா பார்ப்பேன்?” என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. தவறு முழுக்க என்னுடையது.

அன்றிலிருந்து ரிவர்ஸ் போட்டால் 16 பாயிண்டுக்கு மேல், தடித்த எழுத்து, பின்னணிக்கு ஒரே மை. அச்சுத் தகடான பிளேட்டுக்கு அனுப்பும் முன் புரூஃபை ஒரு முறை எடுத்து, வாசிக்காமல், புள்ளிகளை மட்டும் பார்ப்பேன். தமிழில் பக்கம் போடுபவர்கள் எல்லோரும் இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைக் குறைத்தபிறகு பக்கம் செத்துப்போகுமோ என்று பயந்தேன். வழி எங்கள் ஊரிலேயே இருந்தது. கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தீப்பெட்டி லேபிள் சேர்க்காத பால்யம் கிடையாது. ஒரு படம், ஒரு பெயர், இரண்டு மூன்று தட்டையான நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, அவ்வளவில் கிளியும் ரயிலும் சிங்கமும் நெஞ்சில் பதிந்துவிடும். பழைய லேபிள்களைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பிறகு ஏழாம் பக்கத்தின் சிறு விளம்பரங்களை அந்த அளவிலேயே, அந்த ஒழுக்கத்திலேயே போட ஆரம்பித்தேன். கடலைமிட்டாய்க் கடைக்கு ஒரு மிட்டாய்த் துண்டு, ஷூ கடைக்கு ஒரு ஷூ. முன்பு கால் பக்கத்தில் பதினெட்டுப் பொருள் படத்தைத் திணிக்கச் சொன்ன கடைக்காரர்களே இப்போது “அந்தத் தீப்பெட்டி மாதிரி போட்டுக் குடுங்க தம்பி” என்கிறார்கள்.

விளம்பரம்தான் இந்த எட்டு வருடத்தில் நான் அதிகம் யோசித்த விஷயம். பெரியவர்கள் விளம்பரத்தைத் தாண்டிப் போகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை அதைச் செய்தியைவிடக் கவனமாகப் படிக்கிறது, கையில் இருக்கும் காசுக்குக் கணக்குப் போடுகிறது. பென்சில் வட்டங்களில் வருடா வருடம் இதைப் பார்க்கிறேன். விலை போட்ட விளம்பரத்தைச் சுற்றி வட்டம் விழுகிறது, ‘அதிரடிச் சலுகை’ என்று மட்டும் இருப்பது வெறுமையாகக் கிடக்கிறது. அதனால் ஏழாம் பக்கத்தில் விலையோ கட்டணமோ இல்லாத விளம்பரத்தை வாங்குவதில்லை. முதல் வருடம் வருமானம் விழுந்தது, இதழாசிரியர் பொறுத்துக்கொண்டார்.

பெரிய விளம்பரம் என்றால் பயிற்சி மையங்கள்தான். நீட் முடிவு வந்தால் அரைப்பக்கம் முழுக்கப் பாஸ்போர்ட் அளவு முகங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளுக்கு மாநில அளவிலான ரேங்க் பட்டியலைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனால் விளம்பரத்தில் முகங்களின் ஊர்வலம் நிற்கவில்லை. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களுக்கென்றே வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மாணவரின் பெயரையோ படத்தையோ போட அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், அதையும் தேர்வில் வென்றபிறகுதான் வாங்க வேண்டும். அவர் அங்கே எந்தப் படிப்பில் சேர்ந்திருந்தார் என்பதை மறைக்கக் கூடாது. வெற்றிக்கு உத்தரவாதம் என்று சொல்லக் கூடாது. இதைத் தமிழில் ஒரு பக்கமாகத் தட்டச்சு செய்து விளம்பரம் கொடுக்க வருபவர்களிடம் கொடுக்கிறேன். சிலர் திரும்பிப் போய்விட்டார்கள். சிலர் ‘இந்த மாணவர் மாதிரித் தேர்வு வகுப்புக்கு மட்டும் வந்தவர்’ என்று அதே எழுத்தளவில் போடச் சம்மதித்தார்கள். அப்படி வந்த விளம்பரத்தைப் பிள்ளைகள் நம்புகிறார்கள், அந்த மையங்கள் மறுபடியும் வருகின்றன.

நிறத்தைக் கூட்டும் கிரீம், இத்தனை நாளில் உடம்பு ஏற்றும் பொடி இரண்டுக்கும் இடமில்லை. குழந்தைகளுக்குத் தங்கள் உடலைப் பற்றித் தாழ்வெண்ணம் வரவைக்கும் விளம்பரங்கள் கூடாது என்று அதே ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. இல்லாவிட்டாலும் வாங்கியிருக்க மாட்டேன். கருத்த மண்ணும் கருத்த மனிதர்களும் உள்ள கரிசல் ஊரில், பதிமூன்று வயதுப் பெண் பிள்ளையிடம் உன் நிறம் போதாது என்று காசு வாங்கிக்கொண்டு சொல்ல எனக்கு மனம் வராது.

க்யூஆர் குறியீட்டில் நிறைய எதிர்பார்த்தேன், பாதிதான் கிடைத்தது. எங்கள் வாசகர்களில் பலருக்குச் சொந்த போன் இல்லை. அம்மாவின் போன், அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு மேல். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். ஆகவே விண்ணப்ப நாள், பஸ் நேரம், உதவித்தொகை விவரம் எதையும் குறியீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள், காகிதத்திலேயே முழுசாக இருக்க வேண்டும். வீடியோவுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

அதிகம் வட்டம் விழுவது ஹாக்கிக்கு. இது ஹாக்கி ஊர். 2022-இல் எங்கள் ஊர் மாரீஸ்வரன் ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடியபோது, வழக்கத்தை மீறி ஏழாம் பக்கம் முழுவதையும் ஒரே படமாகப் போட்டேன். கீழே நான்கு வரி மட்டும். அந்தப் பக்கத்தைப் பல வீடுகளில் சுவரில் பார்த்தேன், மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் இன்னும் இருக்கிறது. ஆனால் அதைவிட நிலையாகப் படிக்கப்படுவது, எந்த மைதானத்தில் எந்த வயதுப் பிரிவுக்கு எப்போது பயிற்சி என்று ஒவ்வொரு இதழிலும் வரும் சின்ன அட்டவணைதான். அதில் ஒரு நேரம் தப்பாக வந்தால் அன்றே போன் வந்துவிடும்.

போன வருடத்திலிருந்து பக்கத்தின் இடது கீழ் மூலையை மாணவர்களே வடிவமைக்கும் விளம்பரத்துக்குக் கொடுத்திருக்கிறோம். கடைக்காரர் பாதிக் கட்டணம் தந்தால் போதும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சைக்கிள் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று, அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு சக்கரம். கீழே பஞ்சர் ஒட்ட எவ்வளவு, பிரேக் கட்டை மாற்ற எவ்வளவு, காற்று அடிக்கக் காசில்லை, ஞாயிறு மதியம் வரை கடை உண்டு. நான் தொட வேண்டியது எதுவுமில்லை என்று பிளேட்டுக்கு அனுப்பப் போனேன். திரையைப் பார்த்துக்கொண்டே நின்றவள், “சார், கொஞ்சம் இருங்க. பஸ் ஸ்டாண்ட் எதிரேன்னு இருக்கு. எந்த பஸ் ஸ்டாண்டுன்னு போடலையே” என்றாள்.