ஷாஸ்கோப் முதல் தொகுதி: வெட்டாத அகலத்தில் பழைய குங்ஃபூ

1970களின் ஹாங்காங் குங்ஃபூ படங்களைக் கேசட்டில் மட்டும் பார்த்தவர்கள் அந்தப் படங்களைப் பாதிக்குச் சற்று அதிகமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஹாங்காங் ஸ்டுடியோவான ஷா பிரதர்ஸின் படங்கள் உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலத்தில் (2.35:1) எடுக்கப்பட்டவை; அந்த அகலத்திரைக்கு அவர்கள் வைத்த பெயர் ஷாஸ்கோப். பழைய 4:3 டிவியை நிரப்புவதற்காகப் பக்கங்களை வெட்டியபோது அகலத்தில் 43 சதவீதம் போய்விட்டது. உதைப்பவனின் கால் இந்தப் பக்கம் நிற்கும். உதை வாங்குபவன் திரைக்கு வெளியே எங்கோ விழுவான். ‘பழைய கராத்தே படம் என்றால் சும்மா கத்திக்கொண்டு கையைக் காலை ஆட்டுவது’ என்ற எண்ணத்தில் ஒரு பங்கு அந்த வெட்டினால் வந்தது.

பழைய படங்களைத் தட்டில் வெளியிடும் பிரிட்டிஷ் நிறுவனம் ஆரோ வீடியோ 2021 இறுதியில் வெளியிட்ட ‘ஷாஸ்கோப் முதல் தொகுதி’ அந்த அகலத்தைத் திருப்பித் தருகிறது. 12 படங்கள், 8 ப்ளூ-ரே தட்டுகள், 2 இசைத் தட்டுகள், 60 பக்கப் புத்தகம். 1972 முதல் 1979 வரையிலான படங்கள்.

அகலம் ஏன் இவ்வளவு முக்கியம்? இந்தப் படங்களில் சண்டை போடுபவர்கள் உண்மையிலேயே சண்டை தெரிந்தவர்கள். கேமரா தள்ளி நிற்கும். தலை முதல் பாதம் வரை இருவருமே சட்டகத்துக்குள் இருப்பார்கள். ஒரே ஷாட்டில் பத்துப் பன்னிரண்டு வீச்சும் தடுப்பும் போன பிறகுதான் கட். சிலம்பம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் அருமை உடனே புரியும். கையைவிடக் காலடி முக்கியம். காலடி தெரியாவிட்டால் அடி எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. இன்றைய படங்களில் ஒரு குத்துக்கு மூன்று கட் வைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் நடிகருக்குக் குத்தத் தெரியாததுதான்.

தொகுதியை வாங்குபவர்கள் முதலில் எடுக்கவேண்டியது எட்டாம் தட்டு. ‘ஹீரோஸ் ஆஃப் த ஈஸ்ட்’ (1978), ‘டர்ட்டி ஹோ’ (1979) இரண்டும் அதில் இருக்கின்றன. இரண்டுக்கும் இயக்குநர் லாவ் கார்-லியுங். சண்டைப் பயிற்சியாளராக இருந்து இயக்குநரானவர். அவருடைய அப்பாவின் ஆசான் லாம் சாய்-விங்; அந்த ஆசானின் ஆசான், பெயர்பெற்ற குங்ஃபூ வீரர் வோங் ஃபே-ஹுங். ஆக, படத்தில் வரும் கலை அவருக்குக் குடும்பச் சொத்து.

‘ஹீரோஸ் ஆஃப் த ஈஸ்ட்’டில் சீனக் கணவனுக்கும் ஜப்பானிய மனைவிக்கும் யார் நாட்டுக் கலை உயர்ந்தது என்று சண்டை. அது முற்றி, ஜப்பானிலிருந்து ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு வல்லுநர் வந்து இறங்குகிறார். ஜப்பானிய வாளுக்கு எதிரே சீன நேர்வாள், சங்கிலியில் கோத்த இரட்டைத் தடியான நுஞ்சாக்குவுக்கு எதிரே மூன்று துண்டுத் தடி, ஈட்டிக்கு ஈட்டி. ஒரு ஆயுதத்தின் வீச்சு எவ்வளவு, எந்தத் தூரத்தில் அது பயனற்றுப்போகும், அந்த இடைவெளிக்குள் எப்படி நுழைவது என்பதை ஒவ்வொரு சண்டையும் பாடமாகவே காட்டுகிறது. படம் முழுவதும் ஒருவர்கூடச் சாவதில்லை. பழிவாங்கலையே கதையாக வைத்துப் பிழைத்த ஒரு ஸ்டுடியோவில் இது சின்னக் காரியம் இல்லை.

‘டர்ட்டி ஹோ’வில் மது ருசி பார்க்கும் காட்சி ஒன்று. விருந்தளிப்பவரும் விருந்தாளியும் உட்கார்ந்தபடி கிண்ணம் நீட்டுகிறார்கள், ஊற்றுகிறார்கள், மரியாதையாகச் சிரிக்கிறார்கள். அதே கைகள் ஒன்றையொன்று கொல்லப் பார்க்கின்றன. கூடவே இருக்கும் திருடன் ஹோவுக்கு அங்கே சண்டை நடப்பதே தெரியக்கூடாது. விருந்தாளியாக வரும் கோர்டன் லியுவின் தோளும் முழங்கையும் செய்யும் வேலையைப் பாருங்கள். முகம் கடைசிவரை அசையாது. முதல் முறை வசன வரிகளை அணைத்துவிட்டே பார்க்கலாம். ஒன்று மட்டும்: படம் திடீரென்று உறைந்து முடிந்துவிடும். தட்டு கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், முடிவே அதுதான்.

ஐந்தாம் தட்டும் லாவ் கார்-லியுங்கினுடையதே. ‘சேலஞ்ச் ஆஃப் த மாஸ்டர்ஸ்’ (1976) இளம் வோங் ஃபே-ஹுங்கின் பயிற்சிக் கதை. சற்று மெதுவாகத்தான் போகும். இயக்குநரே வில்லனாக வந்து உதைக்கும் இடங்களில் படம் நிமிர்ந்து உட்காரும். ‘எக்ஸிக்யூஷனர்ஸ் ஃபிரம் ஷாலின்’ (1977) கொஞ்சம் கிறுக்கு. வெண்புருவச் சாமியார் பாய் மெய்யாக லோ லியே. எதிராளியின் உதையைத் தொடையிடுக்கில் பூட்டிக்கொண்டு அவனை இழுத்துப்போகும் வில்லனை வேறெங்கும் பார்க்க முடியாது. அப்பாவின் புலி முறையும் அம்மாவின் கொக்கு முறையும் மகனிடம் சேர்ந்தால்தான் பாய் மெய்யை வெல்ல முடியும். கதைச் சுருக்கம் இவ்வளவுதான். ஆனால் அப்பா ஏன் தோற்கிறார் என்பதற்கு உடம்பிலேயே காரணம் காட்டுகிறது படம்: வலு இருக்கிறது, நெகிழ்வு இல்லை.

மறுபக்கம் இன்னொரு ஷா இயக்குநர் சாங் சே. அவருக்குத் துல்லியத்தைவிட ரத்தமும் தோழமையும் பெரிது. ஏழாம் தட்டில் அவருடைய இரண்டு 1978 படங்கள். ‘ஃபைவ் வெனம்ஸ்’ பெயர் பெற்ற படம். பூரான், பாம்பு, தேள், பல்லி, தேரை என்று ஐந்து முறைகள். ஆனால் அது பெரும்பாலும் துப்பறியும் கதை. சண்டை குறைவு என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் ஏமாற்றம் இராது. அதே நடிகர் குழு பார்வையிழந்தவன், பேச்சும் செவியும் இழந்தவன், காலிழந்தவன், மதியிழந்தவன் என்று வரும் ‘கிரிப்பிள்டு அவெஞ்சர்ஸ்’தான் இந்தத் தட்டின் நிஜமான பலம். வளையங்களோடு வரும் கடைசிச் சண்டையில் கழைக்கூத்தும் குங்ஃபூவும் பிரிக்க முடியாமல் கலந்துவிடுகின்றன. ஊனத்தைப் பற்றிய அதன் பார்வை இன்று உறுத்தும். அது உறுத்தவேண்டியதுதான்.

முதல் தட்டில் ‘கிங் பாக்ஸர்’ (1972). கொரிய இயக்குநர் ஜாங் சாங்-ஹ்வா எடுத்தது. 1973 மார்ச்சில் அமெரிக்காவில் வேறு பெயரில் வெளியாகி, அங்கே குங்ஃபூ அலையைக் கிளப்பியது இதுதான். ‘என்டர் த டிராகன்’ வந்தது அதே ஆண்டு ஆகஸ்ட்டில். உள்ளங்கை சிவந்து ஒளிரும்போது குவின்சி ஜோன்ஸின் டிவி தொடர் இசை அலறும். வரலாற்றுக்காகப் பார்க்கலாம், சண்டைக்காக என்றால் இதைவிட நல்லவை பெட்டியிலேயே இருக்கின்றன.

நான்காம் தட்டின் ‘மைட்டி பீக்கிங் மேன்’ (1977) குங்ஃபூ படமே இல்லை. ஹாலிவுட்டில் கிங்காங் மறுபடி வந்த சூட்டோடு எடுத்த ராட்சதக் குரங்குப் படம். காட்டுக் காட்சிகளுக்காக மைசூர் வரை வந்திருக்கிறார்கள். சிரிக்க நல்லது. மூன்றாம் தட்டின் இரண்டு ஷாலின் படங்களும் பாத்திரங்களின் பட்டியலாகவே ஓடுகின்றன. நடிகர் ஃபூ ஷெங் வரும் இடங்கள் விதிவிலக்கு. அவருக்கென்றே ஆறாம் தட்டு, ‘சைனாடவுன் கிட்’. அதில் நீளமான பதிப்பு, 90 நிமிடப் பதிப்பு இரண்டும் இருக்கின்றன. நீளமானதைப் பாருங்கள்.

படத்தரம் சீராக இல்லை. 12ல் 7 படங்களுக்குத்தான் ஆரோ புதிதாக 2கே மீட்டெடுப்பு செய்திருக்கிறது. மீதிக்குப் பழைய பிரதியே. முன்பு நடந்த டிஜிட்டல் துடைப்பில் பிலிமின் மணல்மணலான தன்மை தேய்ந்து, முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரியும். கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது ஓரங்கள் வளைந்து நெளிவதையும் காண்பீர்கள். அது குறையில்லை, அந்தக் காலத்து ஷாஸ்கோப் லென்ஸின் குணம். திடீரென்று பாயும் ஜூமும் அப்படியே.

டிவியில் ஒன்றைக் கட்டாயம் மாற்றவேண்டும். அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைத்துவிடுங்கள். சண்டைக்கு விறுவிறுப்பேற்ற நொடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 22 அல்லது 20ல் எடுத்து, 24ல் ஓட்டும் பழக்கம் ஹாங்காங்கில் உண்டு. 20ல் எடுத்தது 20 சதவீதம் வேகமாகத் தெரியும். டிவி அதற்கு நடுவே தன் பங்குக்குப் போலிச் சட்டகங்களைச் செருகினால் அடியின் வெட்டு மழுங்கி, எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவதைக் கண்டு ‘ஜூம்’ பொத்தானை அழுத்தாதீர்கள். 16:9 திரையின் உயரத்தில் முக்கால் பங்கைத்தான் படம் எடுத்துக்கொள்ளும். ஜூம் செய்தால் மறுபடி கேசட் காலத்துக்கே போய்விடுவீர்கள்.

ஒலியில் எது ‘அசல்’ என்ற சண்டைக்கு அர்த்தமில்லை. படப்பிடிப்பில் ஒலிப்பதிவு கிடையாது. சீன மொழியான மாண்டரினும் பின்னால் சேர்த்த டப்பிங்தான். லாவ் கார்-லியுங் படங்களுக்கு மாண்டரின், ‘கிங் பாக்ஸர்’, ‘ஃபைவ் வெனம்ஸ்’ இரண்டுக்கும் ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்துவரிகளில் இரண்டு வகை உண்டு: ஒன்று சீன வசனத்தின் புது மொழிபெயர்ப்பு, மற்றது ஆங்கில டப்பிங்கை அப்படியே எழுதியது. மாற்றிப் போட்டுவிட்டால் காதுக்கும் கண்ணுக்கும் ஒட்டாது. தமிழ் வரிகள் கிடையாது.

பணம் கட்டும் முன், எந்த நாட்டு ப்ளேயரில் தட்டு ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியைப் பாருங்கள். இந்தத் தட்டுகள் அமெரிக்க, பிரிட்டன் சந்தைகளுக்காக, அதாவது ஏ, பி மண்டலங்களுக்காக வந்தவை. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ, ஐரோப்பா பி. அங்கே இருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. இந்தியாவும் இலங்கையும் சி. இங்கே வாங்கிய சாதாரண ப்ளேயரில் தட்டு ஓடாமல் போகலாம்; எல்லா மண்டலமும் ஓடும் ப்ளேயர் இருந்தால் மட்டும் இறக்குமதி செய்யுங்கள். பார்சல் வந்தவுடன் எட்டுத் தட்டையும் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தட்டுகள் அட்டை உறைகளில் செருகியிருப்பதால் கீறல் விழ வாய்ப்புண்டு. வெளியே எடுக்கும்போது உறையின் வாயைச் சற்றே விரித்து, விளிம்பை மட்டும் பிடித்து இழுங்கள்.

12 படம் வேண்டாம், ருசி பார்த்தால் போதும் என்பவர்கள் ‘டர்ட்டி ஹோ’, ‘கிரிப்பிள்டு அவெஞ்சர்ஸ்’ இரண்டையும் தனியாகத் தேடிப் பார்க்கலாம். எங்கே பார்த்தாலும் படம் முழு அகலத்தில் இருக்கிறதா என்று மட்டும் முதல் நிமிடத்திலேயே கவனித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் அது வெட்டிய பிரதி.