சதாப்பா, புக்கூவா?

டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டுப் பின்பக்கம் ஆயா வைத்த சதாப்புச் செடி இன்னும் நிற்கிறது. நீலம் பூத்த சின்ன இலை. கிள்ளினால் மூக்கில் ஏறும் வாடை, நாக்கில் பட்டால் கடுங்கசப்பு. அருவதா என்பதும் இதுதான். ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிறவர்களுக்கு வெய்ன்ரெய்ட். தென்னாப்பிரிக்காவின் கேப் மலைகளில் வளரும் புக்கூவும் இதே எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. வயிறு உப்பினால் இரண்டில் எது என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் சதாப்பு. கைக்குழந்தைக்கு மாந்தம், சளி, இழுப்பு என்றால் ஆயா காலத்தில் இதன் சாற்றைத்தான் தேடுவார்கள். நான் கொடுக்க மாட்டேன். அளவு மீறினால் ஈரலும் சிறுநீரகமும் கெடும், கர்ப்பப்பை சுருங்கிக் கரு கலையும். எது பாதுகாப்பான அளவு என்று ஒரு இலையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குழந்தைக்கு இழுப்பு வந்தால் சாறு பிழியும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

வெளியே தொடுவதிலும் வில்லங்கம் உண்டு. சித்தி ஒரு ஜனவரி மத்தியானம், அரைக்கை ரவிக்கையோடு இந்தச் செடியைக் கழித்துவிட்டார். அன்றைக்கு ஒன்றுமில்லை. மறுநாள் முழங்கை வரை சிவந்து, அதற்கடுத்த நாள் வெந்நீர் பட்டதுபோல் கொப்புளம். கிளை உரசிய இடமெல்லாம் கோடு கோடாக இருந்தது. சாற்றில் உள்ள ஃபூரனோகூமரின் தோலில் படிந்து, அதன்மேல் வெயில் பட்டால் இப்படித்தான் ஆகும். கறுத்த தழும்பு மாதக்கணக்கில் கிடந்தது. பாவம், முழுக்கை போட்டே திரிந்தார்.

புக்கூவின் கதை வேறு. இந்த நாட்டுப் பூர்வகுடிகளான கோய், சான் மக்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த மருந்து. வயிற்று உப்புசம், நீர்க்கடுப்பு இரண்டுக்கும் டீ போட்டுக் குடிப்பார்கள். கடையில் வாங்கும்போது இலையைப் பாருங்கள். வட்ட இலைதான் வேண்டும். நீள இலையில் ஈரலுக்கு ஆகாத புலெகோன் அதிகம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தொடக்கூடாது. காய்ச்சலோடு முதுகும் வலித்தால் அது புக்கூ டீக்கு அடங்கும் நீர்க்கடுப்பு அல்ல. டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, என் ஓட்டு? எப்போதாவது ஒரு வேளை டீ என்றால் வட்ட இலை புக்கூ. சாதாரண உப்புசத்துக்கு அதுகூட வேண்டாம், அடுக்களையில் இருக்கும் ஓமத்தைக் கொதிக்கவைத்தால் போதும். சதாப்பை வாய்க்குள் விடவே மாட்டேன்.

ஆயா கையால் வைத்தது என்பதால் செடியைப் பிடுங்க மனம் வரவில்லை. இப்போது பொழுது சாய்ந்த பிறகு, கையுறை மாட்டிக்கொண்டு நான்தான் கழிக்கிறேன். கர்ப்பமாக இருக்கும் தம்பி மனைவியை அந்தப் பக்கமே விடுவதில்லை. புக்கூ பாக்கெட்டையும் அலமாரி மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன்.