மூணு விளக்கு சாக்கெட் டெஸ்டர்: வாங்கலாம், ஆனால் அதையே நம்பிவிட வேண்டாம்

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் விரல் விறுவிறுக்கிறதா? கம்ப்யூட்டருக்குள் கரன்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றும் முன் இந்தச் சின்ன டெஸ்டரை வாங்கி, சுவரில் இருக்கும் பிளக் பாயின்டில் செருகிப் பாருங்கள்.

கும்பகோணத்தில் பழைய வாடகை வீடு ஒன்றில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர். வெறுங்காலோடு நின்று பின்பக்கத் திருகைத் தொட்டால் ஷாக். ஹெட்போனில் எந்நேரமும் ஓர் உறுமல். சர்வீஸ் கடையில் எஸ்.எம்.பி.எஸ். போச்சு, மாத்தணும் என்றார்கள். நண்பர்கள் ஸ்டேட்டிக், அதாவது உரசலில் சேரும் மின்சாரம் என்றார்கள். ஸ்டேட்டிக் என்றால் ஒரு தடவை சுள்ளென்று அடித்து அடங்கிவிடும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அது அபூர்வமும்கூட. இதுவோ கை வைத்திருக்கும் வரை விடவில்லை. புறங்கையால் லேசாகத் தடவினால் வழவழப்பான தகடு சொரசொரவென்று தெரிந்தது. அது கரன்ட் கசிவதற்கான அடையாளம்.

டெஸ்டர் பார்க்கச் சாதாரண மூணு பின் பிளக் மாதிரிதான். உள்ளே மூன்று விளக்குகள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒன்று, பேஸுக்கும் எர்த்துக்கும் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. முதல் இரண்டும் எரிந்தால் வயரிங் முறையாக இருப்பதாக அர்த்தம். சமையலறையில் அப்படித்தான் எரிந்தது. கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் ஒன்றே ஒன்றுதான் எரிந்தது. சாக்கெட்டைக் கழற்றினால், எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. பழைய வீடுகளில் இது சகஜம்.

எஸ்.எம்.பி.எஸ். மேல் குற்றமே இல்லை. இரைச்சலை வடிகட்டுவதற்காக அதற்குள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி கேபினெட்டிலேயே நிற்கும். மல்டிமீட்டர் வைத்தால் 110 பக்கத்தில் காட்டும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் அது மட்டும் ஆளை ஒன்றும் செய்துவிடாது. ஆனால் அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. வயரை டி.வி.யில் செருகினால் போர்ட் போக வாய்ப்பிருக்கிறது. உள்ளே பேஸ் வயர் தகட்டில் பட்டுவிட்டாலோ, பியூஸ் போக வழியே கிடையாது.

இனிதான் முக்கியமான விஷயம். முதலில் வந்த எலெக்ட்ரீஷியன், "நியூட்ரல்லேருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போட்டுடலாம் தம்பி, ஷாக் நின்னுடும்" என்றார். ஷாக் நிற்கும், உண்மைதான். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கேபினெட்டுக்கு வந்துவிடும். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். இந்தத் திருட்டு இணைப்பை டெஸ்டரால் கண்டுபிடிக்க முடியாது. சரியான வயரிங் போலவே இரண்டு விளக்கும் அழகாக எரியும். எர்த் குழி காய்ந்து கிடந்தாலும் அப்படியே. அந்த விளக்குக்கு வேண்டியது துளி கரன்ட், அது எப்படியும் கிடைத்துவிடும். இதுதான் இந்தக் கருவியின் பெரிய குறை. இதைப் பெட்டியின் மேல் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

அடுத்து வந்தவர் மெயின் போர்டிலிருந்து பச்சை வயரைத் தனியாக இழுத்துக் கொண்டுவந்தார். எர்த் தாங்குகிறதா என்று பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பை வைத்துக் காட்டினார். பிரகாசமாக எரிந்தது. (மங்கினால் எர்த் சரியில்லை. கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இந்தச் சோதனை ட்ரிப் ஆக்கிவிடும். எப்படியானாலும் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.) வயர் செலவை வீட்டுக்காரம்மா ஏற்றுக்கொண்டார். ஷாக்கும் நின்றது, உறுமலும் நின்றது.

வாங்கும்போது நம் ஊர் உருண்டைப் பின் இருப்பதாகப் பாருங்கள். சதுரப் பின் உள்ளதும் விற்கிறார்கள். அது சுவர் சாக்கெட்டில் நேராகப் போகாது, கன்வெர்ட்டர் போட்டால் அந்தக் கன்வெர்ட்டரின் எர்த்தையும் சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தனியாகச் சோதியுங்கள். மூன்று துளை வைத்துவிட்டு உள்ளே இரண்டு வயர் மட்டும் ஓடும் மலிவு பாக்ஸ்கள் கடைகளில் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக் கொடுப்பதில் இந்த டெஸ்டர் தவறுவதில்லை.