மலையில்லாத ஊரில் மவுண்டன் பைக்: 29 இஞ்ச்சா, 26 இஞ்ச்சா?

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். நடுவில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும் மாதங்கள்தான் எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஓட்டத் தோதான காலம். திருவையாற்றைச் சுற்றிக் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று எதன் கரையில் ஏறினாலும் ஒரு மண்பாதை இருக்கும். வெயிலுக்கு முன்னால் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் வீடு திரும்பிவிடலாம். மலையே இல்லாத ஊரில் எதற்கு மவுண்டன் பைக் என்று வீட்டில் கேட்டார்கள். கரையில் அரை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கோடையில் மூன்று சைக்கிள் ஓட்டினேன். ஏப்ரல் முழுக்க அக்கா மகனுடைய 29 இஞ்ச் சக்கரம் வைத்த கியர் சைக்கிள். முன் ஷாக், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் எல்லாம் உண்டு. மே மாதம் நானே 4,500 ரூபாய்க்கு வாங்கிய பழைய 26 இஞ்ச். கியரும் கிடையாது, ஷாக்கும் கிடையாது, தடித்த டயர் மட்டும் உண்டு. நடுவில் இரண்டே நாள் நண்பருடைய ஹைபிரிட், அதாவது ரோடு சைக்கிளுக்கும் மவுண்டன் பைக்குக்கும் இடைப்பட்ட ரகம். நான் எந்தப் பக்கம் என்பது காசு கொடுத்த இடத்திலேயே தெரிந்திருக்கும்.

ஹைபிரிட்டை முதலில் முடித்துவிடுகிறேன். தார் ரோட்டில் பறக்கிறது. கரையில் ஏறியதும் அதன் ஒல்லி டயர் புதுமண்ணில் கத்தி மாதிரி இறங்கிவிடுகிறது. இரண்டு நாள் அனுபவத்தில் இதற்கு மேல் சொன்னால் நியாயமில்லை.

கியர் பற்றி. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை 80 கிலோமீட்டருக்கு மேல் போனாலும் தரை இறங்குவது மொத்தமே 60 மீட்டர் அளவுதான். அக்கா மகன் சைக்கிளில் பின்னால் இருந்த பல்சக்கரங்களில் நான் தொட்டது இரண்டோ மூன்றோ. எதிர்காற்று அடிக்கும் நாளில் மட்டும் கியரை நினைத்து ஏங்கியிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஷாக் விஷயத்தில் 29-க்குத்தான் என் ஓட்டு. ஈரக் களிமண்ணில் மாடுகள் நடந்து போன குளம்படி, கோடையில் காய்ந்து கல்லாகிவிடும். அதன்மேல் ஷாக் இல்லாமல் ஓட்டினால் கடைவாய்ப் பல் வரை அதிரும். நான் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, சீட்டிலிருந்து எழுந்து நின்று சமாளிக்கிறேன். மே மாதம் ஒருநாள் திடீர் மழையில் இன்னொரு குறையும் தெரிந்தது. களிமண் உருண்டு உருண்டு டயருக்கும், ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் வி பிரேக்குக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றவில்லை. மூங்கில் குச்சியால் சுரண்டிச் சுரண்டி வந்து சேர்ந்தேன். டிஸ்க் பிரேக்கில் இந்த இம்சை ரொம்பக் குறைவு.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் 26? முள்.

ஏப்ரல், மே மாதங்களில்தான் ஆறு வாய்க்கால்களில் தூர்வாருவார்கள். பொக்லைன் அள்ளிய வண்டலும் வெட்டிப்போட்ட சீமைக் கருவேலமும் வந்து விழுவது கரைமேல்தான். செடியை அப்புறம் யாராவது விறகுக்கு இழுத்துப் போய்விடுவார்கள். முள் பாதையிலேயே கிடக்கும். பச்சை முள்ளை விடக் காய்ந்த முள் மோசம். டயரைக் குத்தி உள்ளேயே ஒடிந்து நிற்கும், வெளியே பார்த்தால் தெரியாது. ஏப்ரலில் மட்டும் எனக்கு ஐந்து பஞ்சர்.

நான்காவது பஞ்சர் திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டி, குடமுருட்டிக் கரையில். மூன்று கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு ஒரு கடைக்கு வந்தேன். கடைக்காரர் டியூப்பைக் கழற்றினார். காற்றில்லாமல் உருட்டியதில் வால்வின் அடியே கிழிந்திருந்தது. அங்கே பேட்ச் நிற்காது. “இந்த மூக்குக்கு நம்ம பம்பும் புடிக்காது தம்பி” என்றார். அது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. 29 இஞ்ச் டியூப் அவரிடம் இல்லை. 26 இஞ்ச் டியூப்பையே இழுத்துப் போட்டுவிடலாம் என்றார். அவசரத்துக்கு அது நடக்கிற காரியம்தான். ஆனால் அதில் இருந்தது ஸ்கூட்டர் டியூப்பில் இருப்பது போன்ற தடித்த வால்வு. அதற்கு ரிம்மில் சுமார் 8.5 மில்லிமீட்டர் துளை வேண்டும். பிரெஸ்டா ரிம்மில் இருப்பது சுமார் 6.5. “ரெண்டு நிமிஷம், ஓட்டையைப் பெருசு பண்ணிடுறேன்” என்று டிரில்லை எடுத்துவிட்டார். சைக்கிள் என்னுடையதாக இருந்தால் சரி என்றிருப்பேன். அக்கா மகனுக்கு என்ன பதில் சொல்வது? குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன்.

பிரெஸ்டாவில் சாதாரண பம்ப் பிடிக்கச் சின்னதாக ஒரு அடாப்டர் கிடைக்கிறது, சட்டைப்பையில் கிடக்கும், விலையும் அற்பம். ஸ்பேர் டியூப்பும் கையில் வைத்திருக்கலாம். தப்பு பாதி என்னுடையதுதான். ஓட்டையைத் தானே அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட்டை நான் போட்டுப் பார்த்ததில்லை. அது இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். இருந்தாலும் டிஸ்கில் எண்ணெய் கசிந்தாலோ ஷாக்கில் புழுதி ஏறினாலோ தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும்.

26 இஞ்ச்சுக்குக் கும்பகோணம் வரை நான் நின்ற ஒவ்வொரு கடையிலும் டியூப் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் ஓட்டுவது பெரும்பாலும் அந்த அளவுதான். வாங்கிய அன்றே எங்கள் தெருமுனைக் கடைக்காரர் ஒரு வேலை செய்து கொடுத்தார். பழைய டியூப் ஒன்றின் வால்வை வெட்டி எறிந்துவிட்டு, நீளவாக்கில் பிளந்து, டயருக்கும் புது டியூப்புக்கும் நடுவில் விரித்துப் போட்டார். போடுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவினார். மூன்று இடத்தில் விரல் நின்றது. மூன்று முள் நுனி, பழைய சொந்தக்காரர் விட்டுச் சென்றவை. குறடால் பிடுங்கித் தரையில் வரிசையாக வைத்துக் காட்டிவிட்டு 80 ரூபாய் வாங்கிக்கொண்டார். சக்கரம் கொஞ்சம் கனத்துவிட்டது. ஆனால் மே மாதம் முழுக்க அதே கரைகளில் சுற்றியும் பஞ்சர் ஒன்றே ஒன்று; அதுவும் முள் இல்லை, ஆணி.

வல்லம் பக்கம் கதை வேறு. அங்கே செம்மண்ணும் செம்புராங்கல் சரளையுமாக நிலம் ஏறி இறங்கும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை 26-ஐ அங்கே கொண்டு போனேன். இரண்டு மேட்டில் இறங்கித் தள்ளினேன். உங்கள் வழக்கமான தடம் அதுதான் என்றால் கியர் சைக்கிளையே வாங்குங்கள். வாங்கும்போது ஷாக்கை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து வால்வைப் பாருங்கள்.